எட்டாத போல்ட்டும் நனையாத குதிகாலும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

மார்க்கச் சட்டம் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் தொழுகை, நோன்பு, ஜகாத், தலாக், பாகப் பிரிவினை ஆகியவை பற்றித்தான் கேட்பார்கள். அவற்றுக்குக் கிதாபுகளில் தனித்தனிப் பாடங்கள் உண்டு, பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸருக்குப் பிறகு, மானாம்பதியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்த ஓர் இளைஞர் கேட்ட கேள்வி அப்படிப்பட்டதன்று.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும். போல்ட் முடுக்குற விஷயம். நீங்க சிரிக்கக் கூடாது" என்றார்.

சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. ஐந்து நாட்களாகச் சரியாகத் தூங்காத முகம் அது.

நடந்தது என்ன?

நம் காஞ்சிபுரம் வட்டாரத்தில் கார் என்பது இப்போது அன்றாடப் பிழைப்போடு கலந்துவிட்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ - நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. ஏர் பிடித்த குடும்பங்களின் பிள்ளைகள் ஸ்பேனர் பிடிக்கப் போனார்கள். இந்த இளைஞரும் அப்படித்தான். ஆலையில் அல்ல, நகரத்தில் கார் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார்.

ஆட்டோமேட்டிக் கியர் உள்ள ஒரு கார் பட்டறைக்கு வந்திருக்கிறது. எண்ணெய் ஒழுகுவதைச் சரிசெய்வதற்காகக் கியர் பெட்டியை இறக்கி, வேலை முடித்து, மீண்டும் ஏற்ற வேண்டும். காருக்குச் சொந்தக்காரர் மறுநாள் விடியற்காலையில் மனைவி மக்களோடு வெளியூர் போகவேண்டியவர். அவர் வாசலிலேயே காத்திருக்கிறார். முதலாளி, "ஆச்சா, ஆச்சா?" என்று நிமிடத்துக்கொரு முறை கேட்கிறார். பெட்டியை ஜாக்கியில் உயர்த்தி எஞ்சினோடு சேர்க்கும்போது, கடைசியில் நாலைந்து மில்லிமீட்டர் இடைவெளி ஒட்டாமல் நின்றுவிட்டது. இறக்கிப் பார்த்து மீண்டும் ஏற்றவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் நேரமில்லை. இரண்டு போல்ட்டுகளைப் போட்டு முடுக்கினார். 'டக்' என்று ஒரு சத்தம். இடைவெளி மறைந்தது. மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்த ஒரு போல்ட்டை நீட்டுக்கம்பி மாட்டித் தடவிப் பார்த்துக் கைக்கணக்கில் முடுக்கினார். வண்டியைக் கிளப்பினார்கள், ஓடியது. சொந்தக்காரர் மகிழ்ந்து போய் இவர் கையில் தனியாக 200 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்.

"வண்டி நல்லாத்தான் ஓடுதாம் ஹஜ்ரத். யாருக்கும் தெரியாது. ஆனா அந்த 'டக்' சத்தம் என் காதை விட்டுப் போகல. கூட வேலை செய்யுறவர்கிட்ட சொன்னேன். 'இது வஸ்வாஸ், விட்டுத் தள்ளு'ங்கிறார். நான் என்ன செய்யணும்? நான் வாங்கின கூலி ஹலாலா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "தம்பி, உம்முடைய நிய்யத்து நல்லதுதானே! இஸ்திஃபார் செய்துகொள்ளும், இனிமேல் கவனமாக இரும்" என்ற பதில் என் நாவின் நுனிவரை வந்துவிட்டது. மனத்துக்கு ஆறுதல் தரும் பதில். கேட்டவரும் நிம்மதியாகப் போயிருப்பார். ஆனால் ஒரு பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது, அதை உள்ளபடி விளங்கிக்கொள்வதன் கிளையே என்பது உஸ்தாதுமார்கள் எங்களுக்குப் போதித்த விதி. எனக்கோ போல்ட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. "முதலில் எனக்கு அந்த வேலையைச் சொல்லிக் கொடும்" என்றேன். கைப்பேசியில் படங்களைக் காட்டி, மஃரிபு வரை அவர் உஸ்தாதாகவும் நான் மாணவனாகவும் இருந்தோம்.

போல்ட் என்ன செய்கிறது?

சாதாரணக் காரில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே கிளட்ச் இருக்கிறது. ஓட்டுகிறவர் காலால் அதை மிதித்துக் கையால் கியரை மாற்றுகிறார். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பல வகை உண்டு. அவற்றுள் நெடுங்காலமாக வழக்கிலிருக்கும் வகையில், கிளட்சுக்குப் பதிலாக டார்க் கன்வெர்ட்டர் என்று ஒரு பாகம் இருக்கிறது. எண்ணெய் நிறைந்த, நாற்புறமும் மூடிய ஒரு வட்டப் பாத்திரம் என்று வைத்துக்கொள்ளலாம். எஞ்சினின் சுழற்சியை உள்ளிருக்கும் எண்ணெயே கியர் பெட்டிக்குக் கடத்துகிறது. அந்தப் பாத்திரத்தின் கழுத்து, கியர் பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய்ப் பம்ப்பையும் சுழற்றுகிறது. பம்ப் ஓடினால்தான் எண்ணெய்க்கு அழுத்தம். அழுத்தம் இருந்தால்தான் கியர் விழும். பம்ப் உடைந்தால் எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும், வண்டி நகராது. நெடுஞ்சாலை நடுவில், பின்னால் லாரி வரும் நேரத்தில் அது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

இந்தப் பாத்திரத்தைக் கியர் பெட்டியில் மாட்டும்போது மெல்லத் திருப்பித் திருப்பி உள்ளே தள்ளவேண்டும். பற்கள் ஒவ்வொன்றாகப் பொருந்தி, கடைசியில் கழுத்து பம்ப்பில் இறங்கி உட்காரும். பிறகு பெட்டியை உயர்த்தும்போது, பெல் ஹவுசிங் எனப்படும் அதன் அகன்ற வாய், போல்ட் எதையும் முடுக்காமலேயே, கையால் தள்ளிய அளவில் எஞ்சினோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லையென்றால் உள்ளே ஏதோ ஒன்று தன் இடத்தில் இல்லை என்று பொருள். அப்போது போல்ட்டைப் போட்டு இழுத்தால், அந்த இழுவை முழுதும் பம்ப்பின் மேல் போய் அதை நொறுக்கிவிடக்கூடும். ஆகவே போல்ட் என்பது சேர்ந்ததைப் பிடித்து வைப்பதற்கு. சேராததை இழுத்துச் சேர்ப்பதற்கன்று.

ஒட்டிய பிறகாவது, உள்ளே அந்தப் பாத்திரம் கையால் தாராளமாகச் சுழல்கிறதா, எஞ்சின் பக்கத் தகட்டுக்கும் அதற்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நம் தம்பி அவசரத்தில் அதையும் பார்க்கவில்லை.

அடுத்தது முடுக்கும் அளவு. போல்ட் என்பது உண்மையில் ஒரு ஸ்பிரிங்கைப் போன்றது. முடுக்கும்போது அது மயிரிழையளவு நீள்கிறது. நீண்டது சுருங்க முயலும் அந்த விசைதான் இரண்டு பாகங்களையும் இறுக்கிப் பிடிக்கிறது. குறைவாக முடுக்கினால் அதிர்வில் கழன்றுவிடும். அதிகமாக முடுக்கினால் நீண்டது நீண்டபடியே நின்று பிடிப்பு போய்விடும். அல்லது போல்ட் முறியும். அல்லது அலுமினிய உறையிலுள்ள மரை பிய்ந்துவிடும்.

ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு திருகுவிசை உண்டாகுமோ, அது ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர். கியர் பெட்டியின் அடியிலுள்ள எண்ணெய்த் தட்டின் சிறு போல்ட்டுகளுக்குப் பல வண்டிகளில் ஏறக்குறைய இவ்வளவே போதும். பெல் ஹவுசிங்கின் பெரிய போல்ட்டுகளுக்கு இதைப்போல நான்கைந்து மடங்கு வேண்டியிருக்கும். வண்டிக்கு வண்டி அளவு மாறும். அந்தந்த வண்டியின் கையேட்டில் பார்த்தே செய்யவேண்டும். சிறு போல்ட்டில் பலசாலியின் கைதான் ஆபத்து. தட்டு ஒழுகக் கூடாது என்று நல்லெண்ணத்தோடு ஓங்கி முடுக்கினால், நடுவிலுள்ள கேஸ்கெட் பிதுங்கி, அதனாலேயே ஒழுகத் தொடங்கும்.

இன்னொன்றையும் அவர் சொன்னார். நாம் முடுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது. மிஞ்சும் ஒரு பங்குதான் உண்மையாகப் பிடிக்கிறது. மரையில் அழுக்கு இருந்தால் அந்த ஒரு பங்கும் குறையும். எண்ணெய் பட்டிருந்தால் அளவு மீறிக் கூடும். ஆகவே கைக்கு 'கெட்டி'யாகத் தெரிவது போல்ட்டின் உண்மையான பிடிப்பு ஆகாது. இதற்காகவே டார்க் ரெஞ்ச் என்ற கருவி இருக்கிறது. அளவை வைத்து முடுக்கினால், அந்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சொல்லிவிடும். பெரிய ஆலைகளில் அளவு வந்ததும் தானே நின்றுவிடும் கருவிகள் இருக்கின்றன. சிறு பட்டறைகள் பலவற்றில் கையே கருவி, பழக்கமே அளவு.

இரும்பும் இறைத்தூதரும்

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் நினைவு அருள்மறையின் ஸபஃ அத்தியாயத்துக்குச் சென்றது. அதன் 10, 11-ஆம் வசனங்களில், நபி தாவூது (அலை) அவர்களுக்கு இரும்பை மெதுவாக்கிக் கொடுத்ததையும், போர்க்கவசங்கள் செய்யும்படியும், அவற்றின் பின்னலில் அளவைக் கணித்துச் செய்யும்படியும் கட்டளையிட்டதையும் அல்லாஹ் கூறுகிறான். இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் தம் தஃப்ஸீரில் இந்த இடத்துக்கு இமாம் முஜாஹித் (ரஹ்) அவர்களின் விளக்கத்தை எடுத்துக்காட்டுகிறார்கள். வளையங்களை இணைக்கும் ஆணி மெலிந்திருந்தால் வளையத்துக்குள் ஆடும். தடித்திருந்தால் வளையத்தையே உடைத்துவிடும். ஆகவே அளவறிந்து செய்யவேண்டும் என்பதே அதன் கருத்து.

சகோதரர்களே! மத்ரஸாவில் இந்த இடத்தை ஓதியபோது, அது ஒரு பழங்காலத் தொழிலின் விவரம் என்று எண்ணிக் கடந்துபோனேன். ஒரு மெக்கானிக் தம்பி வந்து எனக்கு அதற்கு விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு என்ற அதே அளவு. இரும்பும் இரும்பும் சேரும் அதே இடம். நபித்துவமும் ஆட்சியும் கொடுக்கப்பட்ட ஒருவருக்கு, ஆணியின் பருமனைக் கவனி என்று அல்லாஹ்வே அறிவுறுத்தியிருக்கிறான் என்றால், அளவு என்பது வெறும் தொழில் நுணுக்கம் மட்டுந்தானா? அந்த வசனம் எப்படி முடிகிறது என்பதையும் கவனிக்கவேண்டும். நல்லமல் செய்யுமாறு ஏவி, நீங்கள் செய்வதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்ற கருத்தில் அது முடிகிறது. கவசத்தை அணிகிற வீரன் ஒவ்வொரு ஆணியையும் சோதிக்க முடியாது. அவன் உயிர் அந்த ஆணியில் இருக்கிறது. ஆணியோ செய்தவனுடைய நாணயத்தில் இருக்கிறது.

"நிய்யத்து நல்லதுதானே" என்ற சமாதானத்துக்கும் இங்கே விடை இருக்கிறது. அல்லாஹ் நம் தோற்றத்தையும் செல்வத்தையும் பார்ப்பதில்லை, உள்ளத்தைப் பார்க்கிறான் என்று பலர் பாதி ஹதீஸைச் சொல்வார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள அந்த ஹதீஸில், உள்ளங்களோடு அமல்களையும் அவன் பார்க்கிறான் என்றே வந்திருக்கிறது. நல்ல நிய்யத்து, தளர்ந்த போல்ட்டை இறுக்கிவிடாது.

கண்ணை நம்பியவர்

இது மிகைப்படுத்திய பேச்சு என்று எவரேனும் எண்ணினால், 1990-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் பர்மிங்ஹாமிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று, 17,000 அடி உயரத்தைத் தாண்டியபோது, விமானி அறையின் முன்கண்ணாடி ஒன்று அப்படியே பிய்த்துக்கொண்டு போயிற்று. தலைமை விமானியின் உடலில் பாதி வெளியே இழுக்கப்பட்டது. உடனிருந்த பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுதாம்ப்டனில் விமானத்தை இறக்கினார். அல்லாஹ்வின் அருளால் தலைமை விமானி உள்பட அனைவரும் உயிர் பிழைத்தனர்.

விசாரணையில் வெளிவந்தது என்ன? அந்தக் கண்ணாடி புறப்பாட்டுக்குச் சற்று முன்புதான் மாற்றப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84, வேண்டிய பருமனைவிட ஏறக்குறைய 0.66 மில்லிமீட்டர் மெலிந்தவை. மீதி 6 நீளம் குறைந்தவை. மாற்றியவர் அனுபவமில்லாதவர் அல்லர். பொறுப்பான பதவியில் இருந்தவர். இரவுப் பணி, ஆள் குறைவு, நேர நெருக்கடி. பட்டியலைப் பார்த்து எடுக்காமல், பழைய போல்ட்டோடு ஒப்பிட்டுக் கண்ணால் பார்த்தே எடுத்துவிட்டார். அவர் உள்ளத்தில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. தம் கண்ணையும் அனுபவத்தையும் நம்பினார், அவ்வளவுதான். முக்கால் மில்லிமீட்டர் கூட இல்லாத ஒரு வேறுபாட்டில் ஒரு விமானம் நிறைய மனித உயிர்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

சந்தேகம் எப்போது வஸ்வாஸ்?

இனி, தம்பியின் கேள்வியில் உள்ள முடிச்சுக்கு வருகிறேன். "இது வஸ்வாஸ், விட்டுத் தள்ளு" என்று அவருடைய தோழர் சொன்னது வெறும் பேச்சன்று. அதற்கும் மார்க்கத்தில் ஓர் இடம் இருக்கிறது. உறுதியானதைச் சந்தேகம் நீக்கிவிடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. உளூவை முடித்த பிறகு, இன்ன உறுப்பைக் கழுவினேனா என்று வெறும் ஐயம் எழுந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று சட்டமேதைகள் கூறுகிறார்கள். இல்லாவிட்டால் பலவீனமான உள்ளம் கொண்டவர்கள் பள்ளிவாசல் ஹவுளைவிட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள்.

ஆனால் அதே உளூவில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு பயணத்தில் தொழுகை நேரம் நெருங்கிவிட்டது. ஸஹாபாக்கள் அவசர அவசரமாக உளூச் செய்தார்கள்; கால்களைச் சரியாகக் கழுவாமல் தடவிக்கொண்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரத்த குரலில், அத்தகைய குதிகால்களுக்கு நரக நெருப்பின் கேடு உண்டு என்று இரண்டு மூன்று முறை எச்சரித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்தச் செய்தி உள்ளது. காலில் ஒரு நகத்தளவு இடம் நனையாமல் விட்டுவிட்ட ஒருவரைத் திரும்பிச் சென்று உளூவை நன்றாகச் செய்யும்படி ஏவிய செய்தியும் முஸ்லிமில் இருக்கிறது. குதிகால் எங்கே இருக்கிறது? நம் கண்ணுக்குத் தெரியாத பின்புறத்தில். காரணம் என்ன? அவசரம். மேலே எட்டாத இடத்தில் இருந்த அந்தப் போல்ட்டும் அப்படித்தான்.

இவ்விரண்டையும் எப்படிப் பொருத்துவது? நான் விளங்கிக்கொண்டவரை மூன்று வேறுபாடுகளைப் பார்க்கவேண்டும்.

முதலாவது, அடையாளமில்லாத ஐயம் வேறு. அடையாளமுள்ள ஐயம் வேறு. இந்தத் தம்பி இடைவெளியைக் கண்ணால் கண்டார்; சத்தத்தைக் காதால் கேட்டார்; செய்யவேண்டிய சோதனையைச் செய்யவில்லை என்பதையும் உறுதியாக அறிவார். இது மனத்தின் வெறும் பிரமையன்று. காய்ந்த குதிகாலைப் பார்த்துவிட்ட பிறகு அதை வஸ்வாஸ் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, அல்லாஹ்வின் ஹக்கு வேறு; அடியார்களின் ஹக்கு வேறு. தன் ஹக்கில் எழும் ஐயத்தை அவன் தன் கருணையால் தள்ளுபடி செய்கிறான். அது அவனுடைய உரிமை. பிறருடைய உயிரிலும் பொருளிலும் எழும் ஐயத்தைத் தள்ளுபடி செய்ய எனக்கும் உமக்கும் என்ன உரிமை? அடியார்களின் ஹக்கு சம்பந்தப்பட்ட பாவத்துக்குத் தவ்பா செய்வதானால், அந்த ஹக்கைத் திருப்பிக் கொடுப்பதும் நிபந்தனை என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இஸ்திஃபார் மட்டும் போதுமென்று நான் சொல்லியிருந்தால், அது பாதிச் சட்டமாகவே இருந்திருக்கும்.

மூன்றாவது, நீக்க முடியாத ஐயம் வேறு. நீக்க முடிந்த ஐயம் வேறு. சந்தேகமானதை விட்டுச் சந்தேகமற்றதன் பக்கம் போகுமாறு திர்மிதியில் நபிமொழி வந்திருக்கிறது. இங்கே சந்தேகமற்றதன் பக்கம் போக வழி திறந்தே இருக்கிறது: பெட்டியை இறக்கிப் பார்ப்பது. செலவும் அவமானமுந்தான் குறுக்கே நிற்கின்றன.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. நல்ல மெக்கானிக்குகள் அளவு வைத்து முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் சுண்ணாம்புக் கட்டியாலோ பெயிண்டினாலோ ஒரு கோடு போட்டுவிடுவார்களாம். கோடு இருந்தால் முடுக்கியாயிற்று, இல்லையென்றால் இனிமேல்தான். அப்படிச் செய்தவர் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம். பிறகு எழும் ஐயத்தைத் தாராளமாக வஸ்வாஸ் என்று தள்ளிவிடலாம். அளவும் அடையாளமும் பிறரைக் காப்பதோடு, செய்தவனுடைய மனத்தையும் காக்கின்றன.

பொறுப்பு யாருடையது?

"முதலாளிதானே அவசரப்படுத்தினார்?" என்று தம்பி கேட்கவில்லை, நானாகத்தான் கேட்டுக்கொண்டேன். ஃபிக்ஹில் கூலிக்கு வேலை செய்வோரை இரு வகையாகப் பிரிப்பார்கள். தையற்காரர், சாயக்காரர் போல வருகிற எல்லாருக்கும் வேலை செய்து கொடுப்பவர் ஒரு வகை. ஒருவரிடம் மட்டும் நேரத்தைக் கொடுத்துச் சம்பளம் வாங்குபவர் இன்னொரு வகை. பட்டறை முதல் வகை. பட்டறைத் தொழிலாளி இரண்டாம் வகை. முதல் வகையினர் தம் கைவினையால் பொருளுக்கு நேர்ந்த சேதத்துக்குப் பொறுப்பாளர் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. வரம்பு மீறலோ கவனக்குறைவோ இருந்தால்தான் பொறுப்பு என்பது ஷாஃபிஈ மத்ஹபில் மேலோங்கிய கருத்து. கவனக்குறைவு தெளிவாக இருக்குமிடத்தில் இரு மத்ஹபினருமே பொறுப்பைச் சுமத்துகிறார்கள். ஆக, கார்க்காரருக்குப் பதில் சொல்லவேண்டியவர் முதலாளி. அளவுக் கருவி வாங்கி வைக்காமல், நேரமும் கொடுக்காமல் விரட்டியவருக்கு இதில் பெரும் பங்கு இருக்கிறது.

ஆனால் முதலாளிக்குப் பங்கு இருக்கிறது என்பதால் தொழிலாளியின் பங்கு கரைந்துபோய்விடாது. சத்தத்தைக் கேட்டவர் அவர் ஒருவரே. அறிந்தவர் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கருத்தில் கண்டித்தார்கள். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. நனைந்ததை மேலே வைக்காமல் அடியில் மறைத்ததற்காகவே கண்டிக்கப்பட்டார். பிழை நேர்வது மனித இயல்பு. அறிந்த பிழையை உறைக்குள் வைத்து மூடுவதுதான் மோசடி.

ஆகவே அன்று நான் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, நீர் செய்த வேலைக்குக் கூலி உண்டு, அது அடியோடு ஹராம் ஆகிவிடவில்லை. ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. இன்றிரவே முதலாளியிடம் சொல்லும். காருக்குச் சொந்தக்காரர் அதை ஓட்டாமல் நிறுத்தி வைக்கவேண்டும். இறக்கிப் பார்த்துச் சரிசெய்து கொடுத்த பிறகு, நடந்ததை அறிந்தும் அவர் அந்த 200 ரூபாயை விட்டுக் கொடுத்தால் அது உமக்குத் தாராளமாக ஹலால். வேலை போய்விடும் என்று பயந்தால், ரிஸ்க்கு அளிப்பவன் பட்டறைக்காரர் அல்லர் என்பதை நினைத்துக்கொள்ளும்." கடைசி வாக்கியத்தைச் சொல்வது எனக்கு எளிது, கேட்டுக்கொண்டு எழுந்து போவது அவருக்கு எளிதன்று என்பதையும் அறிவேன்.

இறக்கிப் பார்த்தபோது

அவர் சொன்னார். முதலாளி முதலில் சீறினார். பிறகு காரை வரவழைத்தார். பெட்டியை இறக்கினார்கள். உள்ளே எதுவும் உடையவில்லை. கன்வெர்ட்டர் சரியாகவே உட்கார்ந்திருந்தது. பம்ப்பில் கீறல் கூட இல்லை. எஞ்சினையும் பெட்டியையும் நேர்படுத்தும் சிறு குழல் ஒன்றில் அழுக்குப் படிந்து இறுகியிருந்ததே இடைவெளிக்குக் காரணம். அது இறங்கிய சத்தமே 'டக்'. மேலே இருந்த அந்தப் போல்ட்டும் இறுக்கமாகவே இருந்தது. பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். முதலாளி ஒரு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார். வேண்டுமென்றோ வரம்பு மீறியோ கெடுத்தாலன்றிச் சம்பளத் தொழிலாளி மீது நட்டத்தைச் சுமத்தக் கூடாது என்ற சட்டத்தை அவருக்கு எடுத்துச் சொல்ல நான் தயாராக இருந்தேன். தம்பிதான் வேண்டாம் என்றுவிட்டார்.

"வீண் வேலைதானே ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

இல்லை. காலைத் திருப்பிப் பார்த்து, குதிகால் நனைந்திருப்பதைக் கண்டவர் வீண் வேலை செய்தவரா? அவர் தொழுகைக்கு உறுதியோடு போகிறார். அந்தக் கார் இறக்கிப் பார்ப்பதற்கு முன்பும் ஓடியது, பின்பும் ஓடுகிறது. ஆனால் முன்பு அது அதிர்ஷ்டத்தில் ஓடியது. ஒரு செயல் சரியா தவறா என்பதை விளைவை மட்டும் வைத்து முடிவு செய்தால், மெலிந்த போல்ட்டுகளோடு விமானம் பத்திரமாகத் தரையிறங்கியதால் அவற்றைப் போட்டது சரி என்றாகிவிடும். விளைவு அல்லாஹ்வின் கையில். அளவு நம் கையில். நம் கையில் இருப்பதைப் பற்றித்தான் நம்மிடம் விசாரணை.

நம் வீடுகளில்

எங்கள் மானாம்பதி உத்திரமேரூர் வட்டத்தைச் சேர்ந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளைப் பலரும் அறிவீர்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கத் தகுதியற்றவர்கள் என்று அதில் விதி செய்திருக்கிறார்கள். ஊரார் முன் கணக்குக் காட்ட ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் இருந்தது. உறைக்குள் மறைந்த போல்ட்டுக்குக் கணக்குக் கேட்க எந்த ஊர்ச் சபை இருக்கிறது? அங்கே கேட்பவன் ஒருவனே. நாம் அவனைப் பார்ப்பது போல, இல்லையேல் அவன் நம்மைப் பார்க்கிறான் என்ற உணர்வோடு வணங்குவதே இஹ்ஸான் என்று ஜிப்ரீல் (அலை) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். அந்த இஹ்ஸான் தொழுகை விரிப்போடு சுருட்டி வைக்கப்படுவதற்கன்று.

இது மெக்கானிக்குகளுக்கு மட்டும் எழுதியதாகச் சகோதரிகள் எண்ணிவிட வேண்டாம். கேஸ் அடுப்பின் ரப்பர்க் குழாய் வெடித்திருப்பது தெரிந்தும் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது, காலாவதித் தேதியைப் பார்க்காமல் பிள்ளைக்கு மருந்து ஊற்றுவது, தையலில் உள்மடிப்பைக் குறைத்துத் துணியை மிச்சம் பிடிப்பது ஆகிய ஒவ்வொன்றும் எட்டாத இடத்தில் உள்ள ஒரு போல்ட்தான். வேலை வாங்குகிற நமக்கும் பங்கு உண்டு. கூலியை அடித்துப் பேசி, மணிக்கணக்கைக் குறைத்து, வாசலில் நின்று விரட்டுகிறோம்; பிறகு நாணயம் போய்விட்டதே என்று அங்கலாய்க்கிறோம். நேரத்தைக் கொடுக்காதவர் தரத்தைக் கேட்க முடியுமா?

எனக்கும் இதில் பாடம் உண்டு. மஸ்அலா சொல்வதும் ஒரு போல்ட் முடுக்குவதுதான். கேட்டவர் மகிழ வேண்டுமென்று தளர்த்தினால் மார்க்கம் ஆடும். என் கண்டிப்பைக் காட்டவேண்டுமென்று இறுக்கினால் அவர் உள்ளம் முறியும். அன்று திண்ணையில் நாவின் நுனிவரை வந்துவிட்ட அந்த எளிய பதிலை நினைத்தால், இப்போதும் எனக்கு அச்சமாக இருக்கிறது. இதற்கு முன் இப்படி எத்தனை பதில்களைக் கைக்கணக்கில் சொல்லியிருப்பேனோ! அவற்றையும் இறக்கிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். இரண்டு பேரிடம் போய், நான் முன்பு சொன்னது பிழை என்று சொல்லியும் வந்திருக்கிறேன்.

அந்தத் தம்பி, பிடிக்கப்பட்ட கூலி போக மீதியிலிருந்து மாதாமாதம் சேமித்துச் சொந்தமாக ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கிவிட்டார். வேலை முடிந்ததும் அதன் அளவைத் திருப்பித் தளர்த்தி வைக்கவேண்டுமாம். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் சோர்ந்து, பிறகு பொய் அளவு காட்டுமாம்.

வல்ல ரஹ்மான், பிறர் கண்ணுக்கு எட்டாத இடத்திலும் அளவு தவறாமல் நடக்கிற நல்லடியார்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கி, நம் உழைப்பிலும் உணவிலும் பரக்கத்துச் செய்வானாக! ஆமீன். வல்லாஹு அஃலம்.